காக்கியும் பேயும்: கொலைகாரப் போலீஸ் வில்லனை எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

நியூயார்க் நகரம், நடுராத்திரி. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெண்ணை வழிப்பறிக்காரர்கள் துரத்துகிறார்கள். தப்பி ஓடுகிறாள். கொஞ்ச தூரத்தில் தொப்பியும் சீருடையுமாக ஒரு போலீஸ்காரர் நிற்பது தெரிகிறது. அப்பாடா என்று அவரிடம் ஓடுகிறாள். அவர் கையை நீட்டுகிறார். கழுத்தைப் பிடித்துத் தூக்கி முறித்துவிடுகிறார்.

1988-ல் வந்த ‘மேனியாக் காப்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. இயக்கியவர் வில்லியம் லஸ்டிக், எழுதியவர் லாரி கோஹன். சின்ன பட்ஜெட் படம்தான். ஆனால் அந்த முதல் காட்சியை நான் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கொலைகாரனின் முகம் சரியாகத் தெரியாது. கையில் பெரிய ஆயுதம் இல்லை. அப்படியும் வயிற்றைப் பிசைகிறது என்றால் காரணம் அந்தப் பெண்ணின் முகத்தில் கடைசியாக வந்த நிம்மதி. ‘போலீஸ் இருக்கிறார், இனிப் பயமில்லை’ என்று நினைத்த நொடியில் செத்துப்போகிறாள்.

நண்பர்கள் எழுதும் குறும்படத் திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். பேய்ப்படம் எழுதுகிறவர்களில் நிறையப் பேர் வில்லனாக ஒரு போலீஸ்காரரைத்தான் வைக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். நானும் அந்த இடங்களில் சறுக்கியவன்தான் என்பதால், எனக்குப் புரிந்ததை எழுதி வைக்கிறேன். ‘மேனியாக் காப்’, ‘மாநாடு’ இரண்டின் கதை முடிச்சுகளும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேய் வந்ததும் போலீஸை மறந்துவிடுவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். முதல் பாதியில் இன்ஸ்பெக்டர் மிரட்டுகிறார், பொய் வழக்குப் போடுகிறார், ஒருவரைக் கொன்று புதைக்கிறார். இடைவேளைக்கு அப்புறம் ஆவி வருகிறது. வந்ததும் இன்ஸ்பெக்டர் வெறும் மீசை வைத்த அடியாள் ஆகிவிடுகிறார். துப்பாக்கியால் காற்றில் சுடுகிறார், கத்துகிறார், ஓடுகிறார், செத்துப்போகிறார். அவர் ரவுடியாகவோ மிட்டாதாராகவோ இருந்திருந்தாலும் இதே காட்சிகளை ஒரு வரி மாற்றாமல் எடுத்திருக்கலாம். அப்படியென்றால் அவருக்குக் காக்கி எதற்கு?

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். ஓர் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு அழைத்து வந்த பையனை அடித்துக் கொன்று, ஸ்டேஷன் பின்னாலிருக்கும் வேப்பமரத்தடியில் புதைத்துவிடுகிறார். பையனின் ஆவி திரும்பி வருகிறது. இதை எழுதி முடித்த கையோடு, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். காவல் நிலையங்களில் ரைட்டராகவே, அதாவது பதிவேடுகளை எழுதுபவராகவே, பெரும்பகுதி காலத்தை ஓட்டியவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பேய்க் காட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தம்பி, அன்னைக்கு ராத்திரி பாராவுல யாரு?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்பவருக்குத்தான் பாரா என்று பெயர் என்பது மட்டும் தெரியும்.

“சரி, ஜி.டி.யில என்ன எழுதினாங்க? பையனை உள்ள கொண்டாந்ததைப் போட்டாங்களா, போடலையா?”

அதற்கும் பதில் இல்லை.

“பையனோட அம்மா வந்து கேட்டிருப்பாளே. அவளுக்கு யார் பதில் சொன்னது?”

அவர் கேட்ட மூன்று கேள்விகளும் மூன்று காட்சிகள். நான் அவற்றை எழுதாமல், கதவு தானாகத் திறப்பதையும் விளக்கு விட்டு விட்டு எரிவதையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன்.

போலீஸ்காரரின் பலம் லத்தியில் இருப்பதைவிடக் காகிதத்தில் அதிகம் இருக்கிறது. காவல் நிலையத்தில் நடக்கும் ஒவ்வொன்றும் நேரம் போட்டுப் பொது நாட்குறிப்பில் பதிவாக வேண்டும். அதைத்தான் ஜி.டி. என்கிறார்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதித்துறை நடுவரிடம் ஆஜர்படுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவே சொல்கிறது. மேற்கு வங்கத்து டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் இன்னும் விவரமாக இருக்கிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதான தகவலை உறவினருக்குச் சொல்ல வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். கைது செய்யும் அதிகாரியின் சட்டையில் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

திரைக்கதை எழுதுகிறவருக்கு இந்தப் பட்டியல் ஒரு புதையல். வில்லன் கொலை செய்கிறான் என்றால் இதில் உள்ள ஒவ்வொன்றையும் பொய்யாக்கியாக வேண்டும். பையனை உள்ளே கொண்டுவந்ததை நாட்குறிப்பில் எழுதாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் ‘விசாரித்து அனுப்பிவிட்டோம்’ என்று எழுத வேண்டும். அதை எழுத ஒரு ரைட்டர் வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்கு டீக்கடைக்காரரோ பக்கத்துக் கடைக்காரரோ வேண்டும். மருத்துவர் பார்க்காமலே சான்று தர வேண்டும். ஒரு கொலைக்கு ஐந்தாறு கைகள் தேவைப்படுகின்றன. வில்லன் ஒருவன்தான், ஆனால் பேய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஐந்தாறு பேர்.

இது புரிந்த பிறகு பேய் என்ன செய்யும் என்பதும் தானாக வந்தது. கதவைத் தட்ட வேண்டியதில்லை. தினமும் காலையில் ரைட்டர் நாட்குறிப்பைத் திறக்கிறார். அன்றைய பக்கத்தின் முதல் வரியில், அவருடைய கையெழுத்திலேயே, அவர் எழுதாத ஒரு வரி இருக்கிறது: பையனின் பெயர், அப்பா பெயர், ஊர், உள்ளே கொண்டுவரப்பட்ட நேரம். கிழித்துப் போட முடியாது, பக்கங்களுக்கு எண் உண்டு. அடித்தால் மறுநாளும் வருகிறது. இன்ஸ்பெக்டரிடம் காட்டவும் பயம், காட்டாமல் இருக்கவும் பயம். போலீஸ் ஸ்டேஷன் தவிர வேறெங்கும் நடக்க முடியாத பேய்க் காட்சி அது. உங்கள் பேய்க் காட்சியை ஒரு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு போனாலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்தக் காட்சியில் போலீஸ் இல்லை என்று அர்த்தம்.

ராத்திரியையும் கவனியுங்கள். பேய்ப்படம் என்றாலே ராத்திரிதான். ஆனால் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஒரு பெண்ணைக் கைது செய்யக்கூடாது, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதி வாங்கிச் செய்யலாம் என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. அதனால் உங்கள் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணை ராத்திரி பத்து மணிக்கு ஜீப்பில் ஏற்றும்போதே, பேய் எதுவும் வருவதற்கு முன்பே, தப்பு தொடங்கிவிட்டது. அந்த ஜீப்பில் பெண் போலீஸ் இல்லை என்பதை ஒரு ஷாட்டில் காட்டினாலே போதும். பார்க்கிறவர்களின் அம்மா, அக்கா எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எந்தப் பதவி, எந்த ஊர்

இது சின்னத் தவறுதான், ஆனால் அடிக்கடி நடப்பது. தஞ்சாவூரில் நடக்கும் கதையில் ‘துணை கமிஷனர்’ வருகிறார். தஞ்சாவூரில் கமிஷனர் அலுவலகம் கிடையாது. அங்கே எஸ்.பி., அவருக்குக் கீழே டி.எஸ்.பி. என்றுதான் போகும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி மாதிரி மாநகரக் காவல் உள்ள ஊர்களில்தான் ஏ.சி. (உதவி கமிஷனர்), டி.சி. (துணை கமிஷனர்) எல்லாம். பேயை நம்ப வைக்கப் போகிறவர் முதலில் பதவியை நம்ப வைக்க வேண்டும்.

பதவி வெறும் பெயர்ப்பலகை இல்லை, வில்லனால் என்னென்ன செய்ய முடியும் என்பதே அதில்தான் இருக்கிறது. இதற்கு நம் சினிமாவிலேயே நல்ல உதாரணம் 2021 நவம்பரில் வந்த வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’. எஸ்.ஜே. சூர்யா நடித்த தனுஷ்கோடி, கோவையில் டி.சி.பி., அதாவது துணை கமிஷனர். அதே ஊரில் முதலமைச்சர் கலந்துகொள்ளும் மாநாடு. அங்கே முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மேல் போட்டுக் கலவரத்தைக் கிளப்புவதுதான் திட்டம். துபாயிலிருந்து நண்பனின் காதலுக்கு உதவ வந்த அப்துல் காலிக் அதில் மாட்டிக்கொள்கிறான். மாநாட்டுக் கூட்டத்தில் எந்த வாசலில் யார் நிற்பது, யாரைச் சோதிப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் இடத்துக்கு அருகில் இருப்பவர் போலீஸ் உயர் அதிகாரி. காவலுக்குப் பொறுப்பானவரே கொலைக்கு வழிவிடுகிறார். ஒரு சாதாரண இன்ஸ்பெக்டரை அந்த இடத்தில் வைத்திருந்தால் திட்டம் நிற்காது, டி.ஜி.பி.யை வைத்திருந்தால் அவர் களத்தில் இறங்கி ஓட முடியாது. டி.சி.பி. என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை.

உங்கள் கதையில் கொலை நடக்க எந்த அதிகாரம் தேவை என்று முதலில் எழுதுங்கள். அந்த அதிகாரம் உள்ள மிகச் சின்னப் பதவி எதுவோ அதை வில்லனுக்குக் கொடுங்கள். பதவி சின்னதாகச் சின்னதாகப் பயம் கூடுகிறது, ஏனென்றால் நாம் தினமும் பார்ப்பது அவர்களைத்தான்.

அமானுஷ்யத்தின் விதியை வில்லனுக்குச் சொல்லாமல் மறைப்பது

பேய்க்கதையில் ஹீரோவுக்கு மட்டும் எல்லாம் தெரிகிறது. சாமியார் சொல்லிவிடுகிறார், பழைய டைரி கிடைக்கிறது, கனவு வருகிறது. வில்லன் கடைசிவரை ‘யார்ரா அது’ என்று கத்திக்கொண்டே இருக்கிறார். எதிராளிக்கு ஆட்டத்தின் விதியே தெரியாது என்றால் அது என்ன ஆட்டம்?

‘மாநாடு’ இங்கேதான் என்னை அசர வைத்தது. காலிக் உஜ்ஜயினி காலபைரவர் கோயிலில் பிறந்தவன். அவன் செத்தால் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, கோவைக்கு வரும் விமானத்தில் கண் விழிக்கிறான். முந்தைய சுற்றுகள் அவனுக்கு மட்டுமே நினைவிருக்கின்றன. அதனால் கொஞ்ச நேரத்துக்கு அவன் கைதான் ஓங்கியிருக்கிறது. வழக்கமான எழுத்தாளர் அதை வைத்தே படத்தை முடித்திருப்பார். இங்கே தனுஷ்கோடியும் அதே சுழலுக்குள் வந்து விழுகிறார். அவருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. அந்த இடத்தில் தியேட்டரே நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் ‘ரிப்பீட்டு’ என்று அலுத்துக்கொள்வதை இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அந்த ஒரு மாற்றம் செய்த வேலையைப் பாருங்கள். போலீஸின் கடைசி ஆயுதம் துப்பாக்கி. இனி காலிக்கைச் சுட்டால் நாள் திரும்பி வந்துவிடும். கொல்வதையே தொழிலாகச் செய்யும் வில்லனுக்குக் கொல்வது பயனில்லாத காரியம் ஆகிவிடுகிறது. சாகாமல் காப்பாற்ற வேண்டியவனாக எதிரி மாறிவிடுகிறான். காலச்சுழல் என்ற அமானுஷ்யம் அந்த அதிகாரியின் அதிகாரத்தின் மேலேயே கை வைக்கிறது. நான் மேலே சொன்ன நாட்குறிப்பு வரியும் இதே வகைதான்.

இன்னொன்று, போலீஸ்காரருக்கு விசாரிக்கத் தெரியும். பேய் என்றதும் நம் வில்லன்கள் நேராக மந்திரவாதி வீட்டுக்கு ஓடுகிறார்கள். இருபது வருட அனுபவமுள்ள ஒரு கிரைம் இன்ஸ்பெக்டர் அப்படிச் செய்ய மாட்டார். எந்த நேரத்தில் வந்தது, யார் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை, சி.சி.டி.வி.யில் பதிவானதா என்று கேட்பார். பார்த்தவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார், ஏனென்றால் சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வார். பேயை ஒரு வழக்காக எடுத்துக்கொள்ளும் கெட்ட போலீஸ்காரர் எவ்வளவு பயங்கரமானவர் என்று யோசித்துப் பாருங்கள். செத்தவனின் சாட்சியையும் கலைக்கப் பார்ப்பார்.

விதியை நடுவில் மாற்றுவதும் இதோடு சேர்ந்த தவறு. முதலில் கண்ணாடியில் மட்டும் தெரிந்த ஆவி, கிளைமாக்ஸில் ஜீப்பைத் தூக்கி வீசுகிறது. அவ்வளவு பலம் இருந்தால் முதல் நாளே வீசியிருக்கலாமே என்று பார்க்கிற சின்னப் பையன் கேட்பான். அவன் கேட்பது நியாயம்.

எல்லாப் பழியையும் சாத்தான் தலையில் கட்டுவது

இன்ஸ்பெக்டர் உடம்பில் ஏதோ தீய சக்தி புகுந்துகொண்டது, அதனால்தான் கொன்றார். பூஜை செய்ததும் அது போய்விட்டது, அவர் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். இப்படி ஒரு முடிவை மூன்று வெவ்வேறு திரைக்கதைகளில் படித்துவிட்டேன். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் தவறு. காவலில் நடக்கும் கொலைகளைச் செய்பவர்கள் மனிதர்கள், தெளிந்த புத்தியோடு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவர்கள். அந்தப் பொறுப்பைப் பேயிடம் கொடுத்துவிட்டால் கதையில் வில்லனே இல்லாமல் போகிறான்.

பின்கதை இருக்கலாம். ‘மேனியாக் காப்’ கொலைகாரன் மேத்யூ கார்டெலுக்கும் இருக்கிறது. ராபர்ட் ஸடார் என்ற, பெரிய தாடை கொண்ட நடிகர் அந்த வேடத்தில் வருவார். கார்டெல் ஒரு போலீஸ்காரன். நகர நிர்வாகத்தின் மேல்மட்ட ஊழல் வெளியே வந்துவிடாமல் இருக்க அவனையே சிங் சிங் சிறைக்கு அனுப்புகிறார்கள். அவனே பிடித்து உள்ளே தள்ளிய கைதிகள் அங்கே அவனைக் குளியலறையில் வெட்டிச் சிதைக்கிறார்கள். இறந்துவிட்டான் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஏட்டில் செத்தவன், எத்தனை குண்டு பட்டாலும் விழாதவனாகத் தெருவுக்குத் திரும்பி வருகிறான். பாவம்தான். ஆனால் படம் அவனை மன்னிக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் அவன் கதையைச் சொல்வதற்கு முன்பே அந்த முதல் காட்சிப் பெண்ணை நாம் பார்த்துவிட்டோம். அவளுக்கும் சிங் சிங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்கதையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குற்றம் முதலில், காரணம் பிறகு. நம் ஆட்கள் சின்ன வயதுச் சோகத்தை முதல் ரீலிலேயே வைத்துவிட்டு, அப்புறம் பயப்படச் சொல்கிறார்கள்.

ஊரை மறந்துவிடுவது

அதே படத்தில் இன்னொரு காட்சி. போலீஸ் உடையில் ஒருவன் கொலை செய்கிறான் என்ற செய்தி ஊரில் பரவிவிட்டது. ராத்திரியில் வண்டி நின்றுபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் உதவி செய்ய ஒரு போலீஸ்காரர் நடந்து வருகிறார். நல்லவர். அவள் பயந்துபோய் அவரைச் சுட்டுவிடுகிறாள். கொலைகாரன் அந்தக் காட்சியிலேயே இல்லை. அப்படியும் படத்தில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். ஒருவன் காக்கியைக் கொலைக்குப் பயன்படுத்தினால் ஊரில் உள்ள எல்லாக் காக்கியும் கறைபடுகிறது. சந்தேகம் விழுவதும் ஜாக் ஃபாரஸ்ட் என்ற இன்னொரு போலீஸ்காரன் மேல்தான், புரூஸ் கேம்ப்பெல் நடித்த வேடம் அது.

நம் திரைக்கதைகளில் வில்லனும் ஹீரோவும் பேயும் மட்டும் இருக்கிறார்கள். ஊர் இல்லை. நல்ல கான்ஸ்டபிள் ஒருவர் வந்தால் அவர் இடைவேளையில் சாவதற்காகவே வருகிறார். அவரைச் சாகடிக்காதீர்கள். அவருக்கு மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சொசைட்டிக் கடன் இருக்கட்டும், மாற்றல் பயம் இருக்கட்டும், பாராவில் நின்றபடி சத்தத்தைக் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் இருந்த அந்த ராத்திரி இருக்கட்டும். பேய் முதலில் அவரிடம் வரட்டும். வில்லன் பயப்படமாட்டான், அவனுக்கு மனசாட்சி இல்லை. பயப்படத் தெரிந்தவர் இவர்தான். பார்க்கிறவர்கள் தங்களை வைத்துப் பார்ப்பதும் இவர் இடத்தில்தான்.

வெளிநாட்டுத் தனிமையை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதும் இதனால்தான் எடுபடுவதில்லை. 2007-ல் வந்த ‘விண்ட் சில்’ படத்தில் பனி கொட்டும் ஒதுக்குப்புறச் சாலையில் கார் சிக்கிக்கொள்ள, உள்ளே இரண்டு மாணவர்கள், வெளியே ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரரின் ஆவி. அந்த நாட்டுக்கு அது பொருந்தும், ஒருமுறை பாதை மாறினால் மைல் கணக்கில் ஆள் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி கொல்லிமலைச் சாலையில் கதை எழுதினார். எழுபது கொண்டை ஊசி வளைவு, நல்ல இடம்தான். ஆனால் அங்கே ராத்திரியில்கூட ஒரு பைக்காவது கடந்து போகும். நம் ஊர்ப் பயம் வேறு மாதிரி. பேருந்து நிலையத்தில் நூறு பேர் நிற்கும்போது ஒருவரை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். நூறு பேரும் பார்க்கிறார்கள். ஒருவரும் ‘எதுக்குங்க’ என்று கேட்பதில்லை. அதை எடுங்கள் என்று சொன்னேன். இப்போது கதையை அடிவாரத்துப் பேருந்து நிலையத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

சத்தம்

வில்லன் கத்தினால்தான் பயம் வரும் என்று நினைப்பது. உண்மையில் அதிகாரம் உள்ளவர் கத்த வேண்டியதில்லை. ‘உட்காருங்க, டீ சாப்பிடுறீங்களா’ என்று கேட்கும் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்க்கிறது. தனுஷ்கோடியின் கத்தல் வேலை செய்ததற்குக் காரணம் வேறு. அது வீரவசனம் கிடையாது, எடுத்த காரியம் திரும்பத் திரும்பக் கெட்டுப்போவதைப் பார்க்கிற அதிகாரியின் எரிச்சல். கொலையை ஓர் அலுவலக வேலை மாதிரி நினைப்பவனின் சலிப்பு அதில் இருக்கிறது, அதனால்தான் சிரிப்பும் வருகிறது, முதுகும் சில்லிடுகிறது. ஸ்டேஷனுக்கென்று ஒரு சத்தம் இருக்கிறது: ‘மைக்’ என்று அவர்கள் சொல்லும் வயர்லெஸ்ஸில் இரைச்சலோடு ஓடிக்கொண்டே இருக்கும் குரல்கள். பேய் வரும்போது வயலினைப் போடுவதைவிட அந்த மைக் சட்டென்று அமைதியாவதைக் காட்டுங்கள்.

பேயை என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட் ஆக்குவது

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் நானே இதிலிருந்து வெளியே வர ரொம்ப நாள் ஆனது.

காவலில் செத்தவனின் ஆவி திரும்பி வந்து இன்ஸ்பெக்டரைக் கொல்கிறது. தியேட்டரில் கைதட்டல். ஆனால் என்ன நடந்தது? விசாரணை இல்லை, வாக்குமூலம் இல்லை, தீர்ப்பு இல்லை. ஒருவர் இன்னொருவரைக் குற்றவாளி என்று தானே முடிவு செய்து, தானே தண்டனை கொடுத்துவிட்டார். அந்த இன்ஸ்பெக்டர் பையனுக்குச் செய்ததும் இதேதான். பேய்க்கு என்கவுன்டரை எழுதிக் கொடுத்துவிட்டு, படம் முழுக்கப் போலீஸின் அநியாயத்தைப் பேசினோம் என்று சொல்ல முடியாது. கூடவே, உண்மையும் அவரோடு புதைந்துவிடுகிறது. மறுநாள் பேப்பரில் ‘இன்ஸ்பெக்டர் மர்ம மரணம்’ என்று வரும், இருபத்தொரு குண்டு முழங்க அடக்கம் நடக்கும். பையன் ‘தப்பியோடியவன்’ ஆகவே இருப்பான்.

காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த விசாரணைதான் எல்லாம். அவர்கள் கேட்பது ரத்தம் கிடையாது. ‘என் பிள்ளை ஓடிப்போகலை, இங்கதான் செத்தான்’ என்று அரசாங்கத்தின் ஒரு காகிதத்தில் வர வேண்டும். செத்த பையனும் அதைத்தான் கேட்பான் என்று எனக்குத் தோன்றியது.

இதே காரணத்தால், உண்மையில் காவலில் இறந்த ஒருவரின் கதையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஆவியாக உலவவிடாதீர்கள். அந்த அம்மாவோ அக்காவோ இன்னும் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருப்பார்கள். தன் பிள்ளை வெள்ளைக் கண்ணோடு சுவரில் ஏறுவதை அவர்கள் ஒரு யூடியூப் தம்ப்நெயிலில் பார்க்க நேரக்கூடாது. உங்கள் பையனை நீங்களே பெற்றெடுங்கள், அவனுக்கென்று ஓர் ஊரும் ஒரு சைக்கிளும் பிடித்த சாப்பாடும் கொடுங்கள்.

என் திரைக்கதையை இரண்டாம் முறை எழுதியபோது இன்ஸ்பெக்டர் சாகவில்லை. ரைட்டர் அந்த நாட்குறிப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடுவர் வீட்டுக்கு விடியற்காலையில் நடந்து போகிறார். அவர் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறார், பின்னால் சைக்கிள் சத்தம் மட்டும் வருகிறது. நடுவர் கதவைத் திறந்து, நாட்குறிப்பை வாங்கிப் புரட்டி, அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கிறார். சைக்கிள் சத்தம் நிற்கிறது.

மறுபடியும் ஏட்டையாவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை படிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் நடுவர் படிக்கும் அந்த வரியில், பையனை உள்ளே கொண்டுவந்த நேரத்தை ‘இரவு 11.40’ என்று எழுதியிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, மேலே நிறுத்தி எழுதினார்: ‘23.40 மணி’.

“அப்படித்தான் தம்பி எழுதுவோம்” என்றார். பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.